இறக்கிவிட்ட கண்ணாடி

— ஏசி கம்ப்ரஸர் பூட்ச்சுன்னு யாருமா சொன்னது?

— கிண்டியில ஒரு கடையில காட்டினோம் பாய். காத்து வருது, குளிரல. கம்ப்ரஸரையே மாத்தணும்னுட்டான். எங்க வீட்டுக்காரவுக உசுரோட இருந்த வரைக்கும் இந்த வண்டிய உங்களைத் தவிர யாரும் தொட்டதில்ல. அதான் ஆக்டிங் டிரைவர் ஒருத்தரைப் புடிச்சு, தேனாம்பேட்டைக்கு உங்க ஷெட்டுக்கே கொண்டாந்துட்டேன்.

— நீங்க இன்னாத்துக்குமா அலையிறீங்க? ஒரு போன் போட்டா நானே உஸ்மான் ரோட்டுக்கு வந்திருப்பேனே. அண்ணாச்சி போயி இன்னும் நாப்பது நாளு கூட ஆவல.

— வீட்டுக்குள்ளயே கெடந்தா மூச்சு முட்டுது பாய். வெள்ளிக்கெழம வண்டிய வாங்க ஆள் வருது. மவன் வைரவன் பேசி முடிச்சுட்டான். ஏசி ஓடுனாத்தான் எடுப்பாகளாம்.

— விக்கிறீங்களா? அண்ணாச்சி வண்டியயா?

— இனிமே யாரு ஓட்டுவா? மவனுக்குப் புது வண்டி இருக்கு. எனக்கு ஓட்டவா தெரியும்?

— விக்காதீங்கமா. அப்டியே வித்தாலும் ஏசி இல்லாமயே குட்த்துடுங்க. இத்தினி பழைய வண்டிக்கு ஏசி இன்னாத்துக்கு?

— இதே பேச்சைத்தான் ஆறு வருசமா அவுகளும் பேசுனாக. 'பழைய வண்டிக்கு ஏசி எதுக்கு புஷ்பம்'னு. சித்திரை வெயில்லயும் செவ்வாக்கெழம தவறாம வடபழனி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாக, ஏசிய மட்டும் பாக்க மாட்டாக. கடைசிச் செவ்வாக்கெழம கூட ஏசுனேன் பாய். எச்சிக் கையால காக்கா வெரட்டாத மனுசன்னு. சிரிச்சாக. மறுநாளு நம்ம பாத்திரக் கடையில யாருக்கோ பித்தளைக் குடத்தை எடுத்துக் குடுக்கும்போதே சாஞ்சுட்டாக. நான் அவுககிட்ட பேசுன கடைசிப் பேச்சு அதுதான்.

— அழுவாதீங்கமா. அந்த ஸ்டூல்ல குந்துங்க.

— உக்காரல. பானட்டைத் தொறங்க. அப்படி என்னதான் கோளாறுன்னு என் கண்ணு முன்னால பாருங்க.

— சரிமா. கொஞ்சம் நவுந்து நில்லுங்க, என்ஜின் ஓடிகினு கீது. இதோ, கேஜ் மாட்டிட்டேன். முள்ளு நிக்குது பாருங்க, கேஸ் கரெக்டா கீது. லீக்கு கீக்கு ஒண்ணும் இல்ல.

— அப்ப கம்ப்ரஸரு?

— பேட்டரிலேர்ந்து நேரா கரண்டு குடுக்குறேன், கேளுங்க. டக்குனுச்சா? புட்ச்சிகிச்சு. இப்ப உள்ள கைய வச்சிப் பாருங்க.

— ஆத்தாடி! சில்லுனு வருதே!

— அதான் சொல்றேன். கம்ப்ரஸர் கல்லு மாதிரி கீது.

— அப்ப இத்தனை வருசம் ஏன் வரல? ஏன் பாய், பேட்டரி பக்கத்துல தொறந்து கெடக்குத இந்த டப்பாவுக்குள்ள எல்லாம் கறுப்புக் கட்டை கட்டையாச் சொருகியிருக்கு. இது ஒண்ணு மட்டும் ஏன் காலிக் குழியாக் கெடக்கு?

— அத்த வுடுங்கமா.

— உங்களைத்தான் கேக்குதேன் பாய்.

— அது ஏசி ரிலே இருக்குற எடம். அது இருந்தாத்தான் கம்ப்ரஸருக்கு கரண்டு போவும்.

— கழண்டு விழுந்துட்டா?

— அதுவா வுழாதுமா. நாந்தான் கழட்டுனேன். ஆறு வருசம் ஆவுது. அண்ணாச்சிதான் கழட்டச் சொன்னாரு. உங்களாண்ட சொல்லவே கூடாதுன்னு கையில அட்ச்சி சத்தியம் வாங்கிகினாரு.

— பாத்தீகளா! டீசல் மிச்சம் புடிக்கத்தான?

— டீசலா? அவரா? கோடம்பாக்கம் பாலம் ஏறுனா பத்து நிமிசத்துல வடபழனி. அண்ணாச்சி வாராவாரம் அசோக் நகர் சுத்திகினு போனாரே, அதுல எத்தினி டீசல் போச்சு?

— பாலத்துல நெரிசல்னு சொல்லுவாக.

— அசோக் நகர்லதாம்மா உங்க பொண்ணு தாரணி வூடு கீது.

— அவ பேரை எடுக்காதீக! எவனையோ கட்டிக்கிட்டுப் போன அன்னைக்கே அவுக தலைமுழுகிட்டாக. பெத்த மவ செத்துட்டான்னு பச்சத் தண்ணியத் தலையில ஊத்திட்டு வந்து நின்னாக. அதுலேருந்து அந்தப் பேரு எங்க வீட்டுல கெடையாது.

— தலைமுழுவுன மனுசன்தான் மூணாம் மாசம் இங்க வந்து, இதே ஸ்டூல்ல குந்திகினு அழுதாரு. உங்க பாப்பா என் போன்லதான் அவராண்ட பேசும். அம்மா மூஞ்சிய ஒரு தபா பாக்கணும்னு கேட்டுச்சாம். ஏசி ஓடுனா நீங்க கண்ணாடிய ஏத்திகினு, வெயிலுக்கு ஸ்கிரீன் துணியையும் இழுத்து வுட்டுடுவீங்க. வேத்துக் கொட்டுனாத்தான் கண்ணாடி எறங்கும். 'தலைமுழுகுனவன் நானே போயி, மவளைப் பாருன்னு அவகிட்ட எந்த வாயால சொல்லுவேன் வஹீது?'ன்னு கேட்டாரு. நான் இன்னா பண்ணுவேன்? கழட்டிட்டேன்.

— அவுகளா? அவுகளா கழட்டச் சொன்னாக?

— செவ்வாக்கெழமைன்னா பாப்பா சிக்னலாண்ட பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கும். கொழந்த பொறந்தப்புறம் அதையும் தூக்கிக் காட்டிகினு நிக்கும். அண்ணாச்சி வேணும்னே வண்டிய ஸ்லோ பண்ணுவாரு. ஒரு தபா நானும் பின்னால குந்திகினு வந்தேன், ஞாபகம் கீதா? நீங்க நேரா ரோட்டையே பாத்துகினு வந்தீங்க. அன்னிக்கு என்னை எறக்கி வுட்டுட்டு சொன்னாரு, 'எம் பொண்டாட்டிக்குக் கல்லு நெஞ்சு வஹீது, ஒரு நாளு கழுத்தைத் திருப்பலியே'ன்னு.

— அப்படியா சொன்னாக?

— அவுரு தப்பா சொல்லலமா, மனசு ஒடஞ்சி சொன்னாரு. பாப்பா இப்பவும் செவ்வாக்கெழம வந்து நிக்குது. அப்பா இல்ல, வண்டி வராதுன்னு தெரிஞ்சும் நிக்குது. இத்த வித்துட்டா அந்தப் புள்ளைக்கு அதுவும் இல்ல. ஒரே ஒரு தபா திரும்பிப் பாருங்கமா.

— நான் பாக்கலன்னு யாரு சொன்னா? வண்டி தாண்டுனதும் சைடு கண்ணாடியில பாப்பேன் பாய், அவ மறையுத வரைக்கும். கொழந்தைக்கு மொட்டை போட்டதும் தெரியும், தை மாசம் அவ மெலிஞ்சு நின்னதும் தெரியும். தலைமுழுகுன மனுசன் பக்கத்துல இருக்காகளே, நான் திரும்பிப் பாத்தா அவுக நெஞ்சு வெடிச்சிருமேன்னுல்லா ஆறு வருசமாக் கழுத்தைத் திருப்பாம உக்காந்திருந்தேன்.