வெட்டிய ஒன்பது நிமிடம்

இரவு ஒன்பதே முக்கால். செங்கலடி தாண்டி, வாவிக் கரையோடு போகிற கிறவல் வீதி. பெரிய வீதியில் மதகு திருத்துகிறார்கள் என்று வாகனங்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆடி மாதம். இடது பக்கம் அறுவடை முடிந்த வயல் வட்டை, ஒரு மனிதக் குஞ்சு இல்லை. வலது பக்கம் வாவி. நடுவில் ஒரு ஸ்கூட்டர். அதில் ஒரே ஒரு ஆள்... அந்த இடம் வரைக்கும் ஒரே ஒரு ஆள்தான்.

அன்ரோ, அந்த ரிவியைக் கொஞ்சம் நிறுத்து. 'தூரத்துக் கலம்' கடைசிப் பகுதியைப் பிறகு பார்க்கலாம். முழுதாகப் பார்ப்பதா, வெட்டினதைப் பார்ப்பதா என்று ஒரு மணித்தியாலமாகச் சண்டை பிடிக்கிறீர்கள். அது ஏன் வெட்டப்பட்டது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. தனுஷியா, சிரிக்காதே. கதவைச் சாத்திவிட்டு வந்து இரு.

அந்த ஸ்கூட்டரில் போனவர் அன்ரோவின் பெரியப்பா, செபஸ்தியாம்பிள்ளை. இதை எனக்குச் சொன்னது அன்ரோவின் அப்பா. பெரியப்பாவிடம் நேரே கேட்டுவிடாதீர்கள். எழும்பிப் போய்விடுவார். பிறகு இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

உங்களுக்கு 'தூரத்துக் கலம்' தொடர் இப்போது போனில் கிடைக்கிறது. அந்த நாளில் கல்லடியில் அது கிடைத்த ஒரே இடம் செபஸ்தியாம்பிள்ளையின் கேபிள். வீட்டுப் பின்னறையில் ஒரு கணினி, இரண்டு பிளேயர், கூரையில் ஒரு டிஷ். அங்கிருந்து நானூறு வீட்டுக்கு வயர். ஓட்டமாவடியில் ஜிப்ரி என்று ஒருவர் சீடிக் கடை வைத்திருந்தார். தமிழ்க்குரல் கொடுத்த சீடிகள் அவரிடம்தான் வரும். வியாழக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குக் கலம் தொடங்கினால் ஒழுங்கையில் நாய்கூட நடக்காது. சண்டைக் காலம், வெளியே போகவும் ஏலாது. வானத்துக்கு அப்பால் வழிதவறிப்போன ஏழு பேர் வீட்டுக்குத் திரும்பப் பாடுபடுகிற கதை எங்கள் ஆட்களுக்கு ஏன் அப்படிப் பிடித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

செபஸ்தியாம்பிள்ளை வெட்டுவார். முத்தம் வந்தால் வெட்டுவார், காலையில் பூசைக்குப் போகிற மனிதர் அல்லவா. இரத்தம் கூடினால் வெட்டுவார். கீழே மரண அறிவித்தலை ஓடவிடுவார். வெட்டினதெல்லாம் சேர்த்து ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் குறையும். மற்றப்படி நாற்பது நிமிடம், மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை.

வயர் இழுக்க அவரோடு நின்றவன் சுதாகரன். இருபத்திநாலு வயது. தந்திக் கம்பத்தில் ஏறினால் இறங்க மனம் வராத ஆள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தால் சும்மா இருக்கமாட்டான். மோதிர விரலால் பின் கம்பியில் தட்டிக்கொண்டே வருவான். டொக்... டொக் டொக். கலத்தின் ஆரம்ப இசை அது. அவனுக்குத் தாய் மட்டும்தான், இரத்தினம்மா. இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. மகனுக்காக அவரும் கலம் பார்ப்பார்.

இரண்டாயிரத்தேழில் கடைசிப் பகுதி வந்துவிட்டது என்று ஜிப்ரி போன் பண்ணினார். அன்றைக்குப் புதன்கிழமை, நேரம் நாலு மணி. சுதாகரன் சொன்னானாம், "அண்ணன், விடிய வெள்ளனப் போய் எடுத்திட்டு வாறன், இப்ப போனா இருட்டிரும்" என்று. ஊர்ச் சனம் போனுக்கு மேல் போன் எடுத்துக் கரைச்சல் கொடுத்ததில் இவருக்குப் பொறுமை இல்லை. இப்போதே போ என்று அனுப்பினார். அவன் ஓட்டமாவடிக்குப் போனான், சீடியை வாங்கினான், ஆறே காலுக்கு அங்கிருந்து புறப்பட்டான். ஜிப்ரி கடை வாசலில் நின்று கைகாட்டியிருக்கிறார்.

அவ்வளவுதான். ஆளும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை, சீடியும் இல்லை. யார், எங்கே, எதற்கு என்று இன்றுவரை ஒரு கடதாசியும் பதில் சொல்லவில்லை. இரத்தினம்மா போகாத வாசல் இல்லை. மரணச் சான்றிதழ் தாறம், கையெழுத்து வையுங்கள் என்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். முன்வாசல் லைட்டை அன்றைக்குப் போட்டவர்தான்... பிறகு அணைக்கவில்லை. பல்ப் போனால் பல்ப் மாற்றுவார்.

ஒரு மாதம் கழித்து ஜிப்ரி வேறொரு சீடி அனுப்பினார். செபஸ்தியாம்பிள்ளை பின்னறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தார். கலத்தின் இளம் மாலுமி றோவன், எரிகிற எந்திரத்தை நிறுத்தத் தனியே வெளியில் போகிறான். ரேடியோவில் அவன் குரல் வருகிறது. "வந்துகொண்டிருக்கிறேன். விளக்கை அணைத்துவிடாதீர்கள்." அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் இருந்தது.

அந்த ஒன்பது நிமிடத்தையும் அவர் வெட்டினார். இரத்தினம்மா ரிவிக்கு முன்னால் இருப்பாவே என்ற ஒரே நினைப்புத்தான். அந்தத் தாயின் முகத்துக்கு நேரே அதைப் போட அந்த மனிதனுக்குக் கை வரவில்லை. சுதாகரனை அந்த நேரம் அனுப்பியதும் அவர்தானே.

அதனால்தான் பிள்ளைகளே, உலகமெல்லாம் றோவன் செத்துப்போனான், கல்லடியில் மட்டும் அவன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான். ஆட்டோவுக்குப் பின்னால் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறதே, எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்? கடன் வாங்கினவன்கூட அதைச் சொல்லித்தான் தப்புவான். முழுதும் பார்த்த பிறகும் எங்கள் வெட்டுத்தான் நல்லது என்று இந்த அன்ரோ கனடாக்காரனோடு போனில் சண்டை பிடிக்கிறானே, அந்த வெட்டு இப்படித்தான் வந்தது.

போன வருடம் நீங்கள் எல்லாரும் அந்தப் பழைய வெட்டைக் கேட்டுப் பெரியப்பாவை அரித்தெடுத்தீர்கள். அவரிடம் இருந்த சீடி பூஞ்சணம் பிடித்திருந்தது. ஜிப்ரியிடம் ஒரு பிரதி இருந்தது. ஜிப்ரி இப்போது போன் திருத்துகிறார். பெரியப்பா ஸ்கூட்டரில் போனார், பழைய கதை பேசினார், நேரம் போனது தெரியவில்லை. சீடியைப் பையில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் வெளிக்கிட்டார். அதே கடை. அதே சாமான். அந்த வீதிக்குள் இறங்கிய பிறகுதான் அது அவருக்கு உறைத்ததாம்.

முதலில் மணம் வந்தது. வாவிச் சேறு... கண்டல் வேர் அழுகிய மணம். கரைதானே என்று நினைத்தார். பிறகு அதற்குள்ளே மெல்லிதாகத் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய்.

பிறகு ஸ்கூட்டரின் பின்பக்கம் அமிழ்ந்தது. ஸ்பிரிங் ஒருதரம் 'கிறீக்' என்றது. ஒரு ஆள் ஏறினால் எவ்வளவு அமிழுமோ அவ்வளவு.

அவர் நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. முதுகுப் பக்கம் சேட்டு குளிர்ந்தது... ஈரத்துணி ஒட்டின மாதிரி. காற்று இல்லை. கிறவல் நெரிகிற சத்தம் மட்டும். அப்போது பின் கம்பியில்...

டொக். டொக் டொக்.

செபமாலையை எடுக்க ஹாண்டிலில் இருந்து கையை விடவும் ஏலாது. காதுக்குக் கிட்ட, சாதாரணமாக, பதினேழு வருடத்துக்கு முந்திய அதே குரல் கேட்டது.

"அண்ணன், கடைசிப் பகுதி என்ன மாதிரி முடிஞ்சது?"

யோசித்துப் பாருங்கள். சீடியை வாங்கிக்கொண்டு வந்தவன் அதைப் பார்க்கவில்லை. பயத்தைவிட அந்த நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை என்று அன்ரோவின் அப்பாவிடம் சொல்லி அழுதாராம்.

"றோவன் வந்திட்டிருக்கான் மனே," என்றார், மகனைக் கூப்பிடுகிற மாதிரி. "லைட்ட நூக்க வேணாம் எண்டு சொல்றான். அதோட முடியிது."

ஸ்கூட்டர் பாரமானது. நாற்பதில் வந்தது இருபதுக்கு இறங்கியது. அக்சிலேற்றரை முறுக்கினார். எந்திரம் கத்தியது, வண்டி வேகம் எடுக்கவில்லை. முன்னால் தெரிந்த ஊர் வெளிச்சம் நின்ற இடத்திலேயே நின்றது.

"அண்ணன், கடைசிப் பகுதி என்ன மாதிரி முடிஞ்சது?"

அதே குரல், அதே மாதிரி, ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் மறுபடி அதையே சொன்னார். வண்டி இருபதிலிருந்து பத்துக்கு வந்தது. சேற்று மணம் வாய்க்குள் ருசியாக வந்தது. மூன்றாம் முறையும் கேட்டான்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வந்துகொண்டிருக்கிறான் என்று ஊருக்குச் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி ஒருத்தன் இந்த வீதியில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறான்.

சொன்னார். வீதியைப் பார்த்தபடி, கண்ணீர் ஓட ஓட, வெட்டின ஒன்பது நிமிடத்தையும் சொன்னார். றோவன் எந்திரத்தை நிறுத்திவிட்டான். திரும்பி வர அவனிடம் மூச்சுக்காற்று இல்லை. உள்ளே ஆறு பேரும் ரேடியோவைச் சுற்றி நிற்கிறார்கள். குரல் மெலிகிறது, பிறகு இரைச்சல் மட்டும். காத்திருக்கிறார்கள். சமையல்காரி அவனுடைய கோப்பையில் சாப்பாடு போட்டு வைக்கிறாள். அது ஆறுகிறது. கடைசியில் கப்டன் எழும்பிப் போய், ஒரு சொல்லும் பேசாமல், வாசல் விளக்கை...

"லைட்ட நூத்திட்டார் மனே. நூத்திட்டு, கலத்தத் திருப்பிட்டார்."

கம்பியில் தட்டுகிற சத்தம் நின்றது.

"ம்..." என்றது குரல். பிறகு, "அப்ப நான் இதில இறங்குறன் அண்ணன்."

ஸ்பிரிங் மேலே வந்தது. வண்டி துள்ளிக்கொண்டு ஓடியது. கண்ணாடியில் பார்த்தார். இரண்டு மருதமரம், கரையில் கவிழ்த்த ஒரு உடைந்த தோணி. வேறு யாரும் இல்லை. மரத்துக்கு அங்கால் வாவித் தண்ணீரில் மட்டும் ஒரு வளையம் விரிந்து விரிந்து போனது.

வீட்டுக்கு வந்தார். படுக்கவில்லை. இறங்கின இடம் இப்போது அவருக்குத் தெரியும். பதினேழு வருடமாக ஒரு தாய் வாசல் வாசலாகக் கேட்ட இடம். அதைச் சொன்னால் இரத்தினம்மா காத்திருக்க ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் திரும்ப வெட்டினவர் ஆவார். விடிய விடிய இருந்து யோசித்து, சொல்லக் கூடாது என்றுதான் முடிவெடுத்தார். அந்த மனுசிக்கு எழுபது வயதாகிறது, இருக்கிற மட்டும் நம்பிக்கையோடு இருக்கட்டும். என்றாலும் மனம் கேட்கவில்லை. சும்மா ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஐந்து மணிக்கு முன்னமே ஸ்கூட்டரை எடுத்தார்.

வாசல் லைட் எரிந்தது. இரத்தினம்மா வேலிப் படலையடியில் நின்றார். குளித்திருந்தார். வெளியில் போக உடுக்கிற சேலை, காலில் செருப்பு, கையில் ஒரு சின்னப் பை.

இவர் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினார்.

"எவடத்தில இறங்கினவன் தம்பி?" என்று இரத்தினம்மா கேட்டார்.

செபஸ்தியாம்பிள்ளை அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்கத்தான் நினைத்தார். அழுகைக்கு நடுவில் வேறு ஏதோதான் வந்தது. "அக்கா, நான் அண்டைக்கு வெட்டிப்போட்டன்... முழுசாப் போடல்ல..."

"தெரியும்," என்றார். குரலில் கோபம் இல்லை. "கலம் தொடங்கக்குள்ள சோத்துக்கு உல ஏத்துவன். முடியக்குள்ள சோறு பதமா இரிக்கும். அண்டைக்கு மட்டும் வடிச்சுப் பாக்கன், நடுவில அரிசியாக் கிடந்தது. என்னத்தையோ மறைக்கான் தம்பி எண்டு அப்பவே விளங்கிற்று. நீ அவ்வளவு பாடுபட்டு மறைக்கக்குள்ள, நான் எப்படிக் கேக்கிற? அதான் நானும் காத்திரிந்தன்."

சொல்லிக்கொண்டே படியேறினார். சுவரில் கை வைத்தார். பதினேழு வருடம் எரிந்த வாசல் லைட்டை, ஒரு சொல்லும் பேசாமல், அணைத்தார். கப்டன் அணைத்ததை அவர் பார்த்ததே இல்லை. அந்த ஒன்பது நிமிடமும் அந்த வீட்டு வயருக்குள் வந்ததே இல்லை.

இருட்டுக்குள் இறங்கி வந்து ஸ்கூட்டரடியில் நின்றார். பின் சீற்றில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆடி மாதம், மழை பெய்து இரண்டு மாதம். இவர் அவசரமாகத் துணி எடுத்துத் துடைக்கப் போனார். இரத்தினம்மா அவருடைய கையைப் பிடித்தார்.

"துடைக்காத தம்பி," என்றார். அந்த ஈரத்திலேயே ஏறி இருந்தார்.