சனிக்கிழமை வேலை செய்யாத பீவர்கள்

உட்காருங்கள் தம்பி. காபி இப்போதுதான் இறக்கினேன். ஏலக்காய் ரொட்டி நேற்றுச் சுட்டது, கொஞ்சம் காய்ந்திருக்கும். காபியில் தோய்த்துக்கொண்டால் தெரியாது. பூட்ஸைக் கழற்ற வேண்டாம். ஏப்ரல் மாதத்து மேல் மிஷிகனில் சேறு இல்லாத பூட்ஸை நான் இன்னும் பார்த்ததில்லை.

நீங்கள் வனவிலங்குக் காவலர் என்பதால், பீவர்களைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள். எனக்கு அவற்றின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. மரத்தைப் பல்லால் அறுக்கும், ஓடையில் அணை கட்டும், குளமாக்கும், அதில் குடும்பம் நடத்தும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் ஒழுங்கைவிட அது அதிகம். அணை யாருடைய நிலத்தில் எழும்புகிறது என்று பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அது ரெய்னோ ஹைக்கினனின் நிலத்தில் எழும்பியது. என் வேலிக்குக் கீழ்ப்பக்கம் அவருடைய புல்வயல். ஒரே வாரத்தில் வயல் ஏரியானது. மறுநாள் காலை ரெய்னோ இடுப்புவரை ரப்பர் பூட்ஸோடு என் கதவைத் தட்டினார்.

"லெம்பி, ஒரு கை கொடு. என் வயல்ல எவனோ கப்பல் விடலாம்னு பாக்குறான்."

"எனக்கு எழுபத்தோரு வயசு ரெய்னோ."

"எனக்கு எழுபத்தஞ்சு. சின்னப் பொண்ணு நீ, வா."

போனேன். நீண்ட கொக்கிகளால் குச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்தோம். அணை உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலக் கத்தினோம். பிறகு இதோ, நீங்கள் இருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். பீவர்கள் இரவில் திரும்பக் கட்டின. அவர் காலையில் திரும்ப வந்தார். அந்த வசந்தமும் கோடையும் இப்படியே போயின. என் கணவர் போனபின் இந்த மேசையில் வானொலியோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

இலையுதிர் காலத்தில் ரெய்னோ பொறிவைத்துக் கடைசி பீவரையும் பிடித்துவிட்டார். அவர் நிலம், அவர் உரிமை, சட்டத்தில் குறையில்லை. ஆனால் அதன்பின் கதவைத் தட்ட அவருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. லாரியில் போகும்போது கை காட்டுவார். சனிக்கிழமை மட்டும், ஃபின்லாந்திலிருந்து வந்த நம் ஆட்கள் எல்லோரையும்போல், அவர் வீட்டு சவுனாவில் வழக்கமான ஆவிக்குளியல். முதலில் நான், பிறகு அவர், அப்புறம் ஒரு காபி. வாரத்துக்கு ஒரு காபி. நீங்களே சொல்லுங்கள், அது போதுமா.

அதனால் அடுத்த வசந்தத்தில் என் கணவரின் வளைவு உளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

நன்றாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆஸ்பென் மரத்தை அடியில் சுற்றிலும் கொத்தி, பென்சில் சீவியதுபோல் விடவேண்டும். சில்லுகளை அங்கேயே கிடக்க விடவேண்டும். முதலில் கல், அப்புறம் குச்சி, அதன்மேல் சேறு. சேற்றைக் கையால் அறைந்து அப்ப வேண்டும். மண்வெட்டி பட்டால் தடம் காட்டிக்கொடுத்துவிடும். சாயங்காலச் சாப்பாடு முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். மறுநாள் காலை கதவில் தட்டல்.

"லெம்பி, உன் சொந்தக்காரங்க மறுபடி வந்துட்டாங்க!"

உண்மையிலேயே சில பீவர்கள் வரவும் செய்தன. கட்டிமுடித்த குளத்தைப் பார்த்தால் எந்த இளம் ஜோடிக்குத்தான் ஆசை வராது. வந்தவை ரெய்னோவின் பொறியில் சிக்கின. நான் செய்ததற்கு அவை பொறுப்பேற்றன. எனக்கு வருத்தம்தான். அந்தத் தோலில் ரெய்னோ எனக்கு ஒரு ஜோடிக் கையுறை தைத்துக்கொடுத்தார். நல்ல கதகதப்பு.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. ஈரத்தில் நிற்காதே, வறண்ட ஊருக்குப் போ என்றார் மருத்துவர். அரிசோனாவில் இருக்கும் மகள் மார்லிஸ் அப்பாவுக்காக ஓர் அறையைத் தயார் செய்துவிட்டாள். நிலத்தை விற்றால் புறப்பட வேண்டியதுதான். வாங்க ஆசைப்பட்டவர்கள் மூன்று முறை வந்து பார்த்தார்கள். மூன்று முறையும் வயல் தண்ணீருக்கடியில் இருந்தது. வாத்துகள்கூட நீந்தின. வாத்துகள் என் ஏற்பாடு அல்ல.

அவரை ஈரத்தில் நிறுத்தினேன் என்று நினைக்கிறீர்கள். இந்த வயதில் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும் தம்பி. அவருக்கு ஒரு காரணம் கொடுத்தேன். அரிசோனாவில் என்ன இருக்கிறது, கள்ளியும் கோல்ஃபும்.

நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டுறவுக் கடையில் ரெய்னோ எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

"எங்க பீவரு சனிக்கிழமை ராத்திரி மட்டும் வேலை செய்யாது. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்தா அணை உடைச்சது உடைச்சபடியே கெடக்கும். அசல் ஃபின்லாந்துப் பீவருப்பா! சனிக்கிழமை அதுக்கு சவுனா இருக்குல்ல!"

கடையே சிரித்ததாம். நீங்களும் சிரித்தீர்களாம். ஆனால் நீங்களும் நம் ஆள், சனிக்கிழமை சவுனாவைத் தவறவிடாத வீட்டில் வளர்ந்தவர். வீட்டுக்குப் போய் யோசித்திருப்பீர்கள். எனக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை. குளித்துவிட்டுச் சுத்தமான துணி உடுத்தியபின் யார் போய்ச் சேற்றில் இறங்குவார்கள்? இந்த ஊரில் யாரும் இறங்கமாட்டார்கள்.

போன சனிக்கிழமை நான் இறங்கினேன். அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்.

வியாழக்கிழமை ரெய்னோ இங்கே வந்தார். கொக்கி இல்லாமல், சவரம் செய்த முகத்தோடு. தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"நான் போறேன் லெம்பி."

"இன்னொரு கப் ஊத்தட்டுமா?"

"என் மூஞ்சியப் பாரு. நிலம் வித்தாலும் விக்காட்டியும் போறேன். மார்லிஸ் ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றா. மூச்சு விட முடியல லெம்பி."

"சீனி போட்டாச்சு, கலக்கிக்குங்க" என்றேன்.

சனிக்கிழமை, தலைவலி, சவுனாவுக்கு வரவில்லை என்று அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்காலம் சாலைப்பக்கம் போனேன். ரெய்னோவின் வீட்டுக்கு அந்த ஒரு மண்சாலைதான். அதற்கடியில் ஓடை போகும் குழாயை பீவர்கள் அடைப்பது வழக்கம், யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். பனி உருகும் காலம், தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கல், குச்சி, சேறு. நான் கட்டியதிலேயே அதுதான் சிறந்தது. இருட்டுவதற்குள் தண்ணீர் சாலைமேல் ஏறி, ஒரு துண்டு சாலையை வாரிக்கொண்டு போனது. மார்லிஸின் கார் நாலு நாள் தாமதமாகும், அதற்குள் அவர் மனம் மாறிவிடும் என்பதுதான் என் கணக்கு. நியாயமான கணக்குதான்.

அவர் தனியாக சவுனாவுக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே மூச்சு அடைத்ததும் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் தவழ்ந்து போய்த் தொலைபேசியை எடுத்திருக்கிறார். முதலில் இந்த எண்ணுக்குத்தான் அழைத்தார் என்று நீங்கள் வாசலில் நின்றபடி சொன்னீர்கள். அது மணியடித்திருக்கும். நான் முழங்கைவரை சேற்றில் இருந்தேன்.

அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு அழைத்திருக்கிறார். அதன் வெளிச்சம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சுழன்றுகொண்டிருந்ததை இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர்கள் இறங்கி, தூக்குப்படுக்கையோடு என் மேட்டு வயலைச் சுற்றி நடந்துபோனார்கள். சேறு இழுக்கும், அவ்வளவு வேகமாக நடக்க முடியாது. அவர்களுக்கு வாசல் விளக்கைப் போட்டுவைத்தேன்.

மார்லிஸ் அவரை அரிசோனாவுக்குக் கொண்டுபோகிறேன் என்றாள். அப்பாவுக்கு இந்த மண்தான் பிடிக்கும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அழுதாள், கேட்டுக்கொண்டாள். நல்ல பெண். கல்லறைத் தோட்டத்தில் எனக்கு ஒதுக்கிய இடத்துக்கு அடுத்த வரிசையில் அவரை வைத்தார்கள். நடந்தே போய்வரலாம்.

உளி பின்கட்டில், கையுறைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். ஆமாம், எல்லாம் நான்தான்; கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவரைப் போகவிடாமல் தடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது அபாண்டம். அந்த மனிதர் ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து, "நான் போறேன் லெம்பி" என்று சொல்லியிருந்தால், நானே அவருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன்.