மூச்சு எடுக்கும் இடம்

துடியலூரிலிருந்து பீளமேட்டுக்குச் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவள் மேற்கத்திய இசை பாடுபவள். மூத்தவர் அவளுக்குப் பியானோ வாசிப்பவர். ஞாயிறு மாலை நிகழவிருந்த அவளது முதல் தனிக் கச்சேரிக்குப் பாடல்களைத் தேர்ந்துகொண்டிருந்தனர்.

“கடைசியில அந்தத் தாலாட்டு வேண்டாம் அம்மணி. அதுல ரெண்டு குரல் கேக்குது” என்றார் மூத்தவர்.

“உங்களுக்கும் கேட்டுதுங்களாக்கா?”

“ஒத்திகையப் பதிவு பண்ணுனேனல்ல? நீ மூச்சு எடுக்கற இடத்துலயும் பாட்டு நிக்காமப் போகுது.”

“அது ஸ்டெல்லாங்கக்கா. சர்ச் பாட்டுக் குழுவுல பக்கத்துல பக்கத்துல நிப்போம். நான் மூச்சு எடுக்கறப்ப அவ பாடுவா, அவ எடுக்கறப்ப நான் பாடுவேன். பாட்டு அறுபடக் கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே நுரையீரலான்னு மாஸ்டர் கிண்டல் பண்ணுவாரு.”

“அவ தவறிப் போயி ரெண்டு வருசமாச்சே கண்ணு.”

“ஆமாங்கக்கா.”

நடத்துநர் சில்லறை கேட்டுக் கடந்து போனார்.

“வேற பாட்டா இல்லை? மேடையில பயந்து குரல் ஒடைஞ்சுதுன்னா, அப்பறம் யாரு உன்னையக் கூப்புடுவாங்க?”

“பயமில்லீங்க. அதையேதான் பாடோணும். கடைசி நாலு வரிய ஒரே மூச்சுல பாடிப்போடறேன்.”

“நாலு வரியா? எதுக்கு அப்படி?”

“அவ மூச்சு எடுக்கோணுமல்லங்கக்கா? ரெண்டு வருசமா எடுக்கவே இல்லையே.”