சனிக்கிழமைப் பிரதி

வீட்டைப் பூட்டினால் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பவன் நான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மூன்றாவது தடவை இழுத்துப் பார்ப்பதும் உண்டு. இதற்காகவே என் மனைவி தங்கமயில் என்னோடு சேர்ந்து கிளம்ப மாட்டாள். முன்னாலேயே போய் சயான் ஸ்டேஷனில் நின்றுகொள்வாள். நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பதை நீங்கள் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் ஐயா, தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று சொன்னீர்கள். நல்லது. நான் தாராவியில் வளர்ந்தவன். ஹிந்தியில் சண்டை போட வரும், விளக்கிச் சொல்லத் தமிழ்தான் வரும்.

என் பெயர் சுடலைக்கண்ணன். வயது நாற்பத்தேழு. செம்பூரில் பிரம்மநாயகம் அண்ணாச்சி நடத்தும் மருத்துவமனையில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சி எங்கள் ஊர்ப்பக்கம். கடை வைத்து முன்னேறி, நாற்பது படுக்கையோடு அந்த மருத்துவமனையைக் கட்டியவர். நோயாளிகளின் விவரமெல்லாம் தரைத்தளத்து அறையில் ஒரு சர்வரில் இருந்தது. காகிதக் கோப்புகளை நிறுத்தச் சொன்னது நான்தான். எலி கடித்தது, மழையில் ஊறியது, தேடினால் அகப்படவில்லை. சர்வரில் இருந்தால் பெயரைத் தட்டினால் போதும்.

ஆனால் சர்வரும் ஒருநாள் சாகும். அதற்குத்தான் பிரதி எடுப்பது. அந்தப் பிரதியும் அதே கட்டடத்தில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. தீ பிடித்தாலோ தண்ணீர் ஏறினாலோ இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்றாவது வெளியே இருக்க வேண்டும். சேர்ந்த முதல் மாதமே அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். வெளியே என்றால் எங்கே என்று கேட்டார். பாங்க் லாக்கர் எடுக்கலாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒன் வீடு இருக்குல்லா, கண்ணா? பொறகு என்னத்துக்கு லாக்கரு? நீ நம்ம பய. ஒங்கிட்ட இருந்தா எங்கிட்ட இருந்த மாதிரி."

காகிதம் எதுவும் எழுதவில்லை. எங்கள் ஆட்களுக்குள் அப்படித்தான். எழுதிக் கொடு என்று கேட்டால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹார்ட் டிஸ்கில் முழுப் பிரதி எடுத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறி வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம். பீரோவில் தங்கமயிலின் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கும். மாதம் ஒரு தடவை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்ப்பேன். மைத்துனன் கல்யாணத்தன்றுகூட, தாலி கட்டி முடிந்ததும் செம்பூருக்கு ஓடி எடுத்து வந்தேன். பந்தியில் என்னைத் தேடியிருக்கிறார்கள். மாமனார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

சென்ற வருடம் அண்ணாச்சி ஒரு பேரிடர் மீட்புத் திட்டம் எழுதச் சொன்னார். சர்வர் விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எதை முதலில் எழுப்ப வேண்டும், எந்தப் பிரதி எங்கே இருக்கிறது, எல்லாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று அவரே சொன்னார். நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில், சுடலைக்கண்ணன் இல்லாவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு பகுதி வேண்டும் என்றார். நியாயம்தானே, நாளைக்கே நான் ரயிலில் அடிபடலாம். என் தலைக்குள் இருந்ததையெல்லாம் அதில் இறக்கி வைத்தேன். அந்தப் பகுதியை மட்டும் வாஷியில் ஒரு கம்பெனிக்கு அனுப்பி, இவ்வளவுதான் வேலை, நீங்கள் செய்வீர்களா என்று அவர் விசாரித்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மார்ச் மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து கௌசிக் என்பவர் வந்தார். அண்ணாச்சியின் அறையில் கூட்டம். ரத்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரேமலதாவும் இருந்தாள். கௌசிக் என் திட்டத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். வெளிப் பிரதி இருக்குமிடம், ஊழியர் வீடு, தாராவி. நோயாளிகளின் ரகசியம் ஒரு தாராவி வீட்டுக்கு எப்படிப் போனது, யார் அனுமதித்தது என்று ஹிந்தியில் கேட்டார். திருடனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. இவனா கொண்டு போயிருக்கான்."

முதலில் தமிழில் சொன்னார், பிறகு அதையே ஹிந்தியிலும் சொன்னார். எனக்கு வலித்தது ஐயா. அதை மறைக்க விரும்பவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். டீ குடித்துக்கொண்டே அறுக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரேமலதா தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு டிஸ்கையும் அழித்துவிட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். பதினோரு வருடத்தில் அந்த டிஸ்க் சம்பந்தமாக வந்த முதல் காகிதம் அதுதான். அண்ணாச்சியும் அதில் கையெழுத்துப் போட்டார். ஒன்றை அழித்துக் கொடுத்தேன். இன்னொன்றை அழிக்க மனம் வரவில்லை, பீரோவிலேயே விட்டுவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

என்னை வேலையிலிருந்தும் நிறுத்தினார்கள். பொறுப்பை ஒப்படைத்த அன்று இன்னொன்றையும் கவனித்தேன். கௌசிக்கின் ஆட்கள் புதிய பிரதிப் பெட்டியை அதே தரைத்தளத்து அறையில், சர்வருக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்தார்கள். இணையம் வழியாக வெளியே ஒரு பிரதி போக ஏற்பாடும் செய்தார்கள். ஆனால் ரத்தப் பிரிவின் கோப்புகள் தனி இடத்தில் இருந்தன. அதை அவர்கள் சேர்க்கவே இல்லை. திரையில் எல்லாம் சரி என்று பச்சையாகக் காட்டியது. சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது மாரிசெல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவண்டிப் பெண், இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே ரத்தக் குறை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். தாய் சண்முகவடிவு கூடவே வருவாள். ரத்தம் வரும் வரை மாரிசெல்வி என் அறை வாசலில் உட்கார்ந்து போனைச் சார்ஜ் போடுவாள். மாமா, ஆஸ்பத்திரியிலேயே உங்க ரூம்லதான் ஏசி ஒழுங்கா ஓடுது என்பாள். நல்ல பிள்ளை. பல வருடம் ரத்தம் ஏற்றியதில் ஒரு குறிப்பிட்ட வகை அவள் உடம்புக்கு ஆகாமல் போயிருந்தது. அந்த எதிர்ப்பு சில நேரம் அடங்கிக் கிடக்கும், சோதனையில் தெரியாது. அதனால் பழைய குறிப்பைப் பார்த்துத்தான் ரத்தம் எடுப்பார்கள். அந்தக் குறிப்பு சர்வரில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

இந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. சர்வர், பிரதிப் பெட்டி இரண்டும் மூழ்கின. வெளியே போயிருந்த பிரதியில் ரத்தப் பிரிவு இல்லை. புதன்கிழமை அண்ணாச்சி போன் செய்தார்.

"கண்ணா, அந்த டிஸ்க் ஒங்கிட்ட இருக்குல்லா?"

"அழிச்சிட்டேன்னு எழுதிக் குடுத்தேனே அண்ணாச்சி. நீங்களும் கையெழுத்துப் போட்டியள."

"காயிதத்த விடுல. நெசத்தச் சொல்லு."

காகிதத்தில் உள்ளதுதான் நிஜம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் பிரேமலதா கூப்பிட்டாள். மாரிசெல்விக்கு ரத்தம் ரொம்பவும் இறங்கிவிட்டதாம், மூச்சு வாங்குகிறதாம். மழையில் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. பெரிய சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர நாலு நாள் ஆகும்.

"ஏதோ ஒரு வகை ஆகாதுன்னு தெரியும்ணே, எதுன்னுதான் தெரியல. அவங்க அம்மாவுக்கும் தெரியல. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மேல டாக்டர் பொறுக்க மாட்டாரு. ஒங்ககிட்ட எங்கயாவது ஒரு காப்பி இருக்காண்ணே?"

"இல்லம்மா," என்றேன்.

போனை வைத்த பிறகு பீரோவைத் திறந்து டிஸ்கை எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டு அவள் பெயரைத் தட்டினேன். உடனே வந்தது. எந்த வகை ஏற்றக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒரே வரி. படித்தேன். பிறகு டிஸ்கை முறையாகக் கழற்றி, பழையபடி சேலைக்கு அடியில் வைத்தேன். என்ன தேடுகிறீர்கள் என்று தங்கமயில் கேட்டாள். திறக்கிறதா என்று பார்த்தேன், திறக்கிறது என்றேன்.

என்ன நினைத்துக்கொண்டு அப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். அண்ணாச்சி நேரில் வருவார் என்று நினைத்தேன். தாராவிக்கு, எங்கள் சந்துக்குள், அந்தத் தண்ணீரில் நடந்து வரட்டும். நான்தான் கொண்டுபோகச் சொன்னேன் என்று பிரேமலதா காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லட்டும், கொடுத்துவிடுவோம் என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு வாசலில் அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போட்டு வைத்தேன். எட்டு மணி வரை பார்த்தேன். வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

எட்டரைக்கு ரத்தம் ஏற்றினார்கள். நாலு நாள் நன்றாகத்தான் இருந்தாளாம். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் நின்றுவிட்டது. பிரேமலதா தினமும் செய்தி அனுப்பினாள். எந்த வகை என்று இப்போதாவது தெரிந்தால் அடுத்த ரத்தத்தையாவது சரியாகக் கொடுக்கலாமே என்று டாக்டர் சொல்கிறாராம். எல்லாச் செய்தியையும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிசெல்வி இறந்துபோனாள்.

கோவண்டிக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையல்ல. சண்முகவடிவு அழவில்லை, பிள்ளையின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுல."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். பிரேமலதாவும் கேட்டாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். அதோடு எல்லாவற்றையும் விட்டிருப்பேன்.

மாரிசெல்வியின் சாவைப் பற்றி நடந்த விசாரணையின் அறிக்கை போன வாரம் வந்தது. பிரேமலதா எனக்குக் காட்டினாள். அதில் அண்ணாச்சியின் வாக்குமூலமும் இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் வெளிப் பிரதி எடுத்து வைக்கும் வழக்கமே ஒருபோதும் இருந்ததில்லை, முன்பிருந்த ஊழியர் அதைச் செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறார். சாவு வீட்டில் என் கையைப் பிடித்த அதே மனிதர். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக இங்கே வந்தேன்.

டிஸ்க் உங்கள் மேசை மேல் இருக்கிறது. யாரையாவது வைத்துத் திறந்து பாருங்கள், அந்தப் பெண்ணின் பெயரைத் தட்டினால் போதும். அவள் சாவுக்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அறிக்கையில் அந்த வரியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள் ஐயா. நான் என் வேலையைச் சரியாகச் செய்தேன். பிரதி இருந்தது. அவள் சாகும் நாள் வரைக்கும் என்னிடம் பத்திரமாக இருந்தது.