காளைக்குப் போட்ட ஏர் சஸ்பென்ஷன்

அன்னவாசல் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் முகம் வாடியிருந்தது.

“ஏர் சஸ்பென்ஷன் போட்டது தப்பாப் போச்சு மச்சான். காளை தூங்கிருச்சு.”

“எங்க?”

“ஜல்லிக்கட்டுக்குப் போற வழியில, நம்ம லோடு வண்டியிலதான். அலுங்காமக் கொண்டு போகணும்னு கம்மி வெலைக்கு ஒரு காத்துப்பை கிட்டு வாங்கி மாட்டுனேன். வாடிவாசல்ல கொட்டாவி விட்டுக்கிட்டே வருது. மொத ஆளே புடிச்சுட்டான்.”

“அந்த வெலைக்கு லீக் ஆகியிருக்கணுமே?”

“பொட்டுக் காத்து எறங்கல மச்சான்!”

“அப்ப நல்ல கிட்டுதான்.”

“நல்ல கிட்டுதான்,” என்றார், அழாத குறையாக.

வேகத்தடையில் பஸ் எங்கள் எல்லாரையும் தூக்கிப் போட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

“இந்த பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிருந்தா ஜெயிச்சிருக்கும்.”