நன்றி சொல்ல மறுத்த நாவுக்கு: பொன்மணி அம்மையார் பணி நிறைவு மடல்

மண்ணை மதித்த மாண்பே! முப்பத்தோர் ஆண்டுகள் இக்கூடத்தில் சளைக்காத செங்கரமே! கர்த்தரை நேசித்த காரணத்தாலேயே கயமையைக் கடிந்த கனலே! மட்டாஞ்சேரி மண்பாண்டக் கூடத்தின் மங்காத மானமே! பொன்மணி அம்மையீர், வணக்கம்!

நிர்வாகம் எழுதிக் கொடுத்த வாழ்த்துரையில் தங்களைப் 'பொறுமைக் கடல்' என்று குறித்திருந்தது. அந்தத் தாளை மதியச் சோற்றுக்கு முன்பே கிழித்துவிட்டோம். தங்கள் கதையைத் தங்களிடமே சொல்வது மரபன்று. ஆயினும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்கள் அதை ஒருமுறையேனும் முழுதாகக் கேட்டாக வேண்டும். ஆகவே அவர்களுக்காகச் சொல்கிறோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகி வந்த பொன்மணி, வந்த மாதமே இந்தக் கூடத்தில் மண் பிசையச் சேர்ந்தார். சக்கரம் கைவந்த பிறகு அவருக்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. டிசம்பர் கடைசி நாள் காலையில், அந்த ஆண்டின் கடைசிக் குடத்தை வனைந்தபடியே, நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக் கர்த்தருக்கு நன்றி சொல்வார். கணவர் இறந்த ஆண்டில்கூட அது தவறவில்லை. தவறியது இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான்.

அந்த ஆண்டு ஏப்ரலிலேயே, சூளைக்குப் போகும் எரிவாயுக் குழாய் கசிகிறது என்று அவர் சொன்னார். ஜூனில் மறுபடி சொன்னார். "ஓணம் ஆர்டர் கழியட்டே சேச்சி, பின்னே நோக்காம்" என்று, ஆர்டர் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார் கூடத்தின் செயலாளர் அனில். ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், சூளையைப் பற்றவைத்த எங்கள் மாயம்மாள்மேல் தீ பாய்ந்தது. முழங்கை வரை இரண்டு கைகளும் வெந்தன. பொன்மணி குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, அவரை ஒச்சப்பனின் ஆட்டோவில் ஏற்றினார். பஜார் ரோட்டில் வெங்காய லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது. சுமைதூக்கும் தொழிலாளர்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, டீக்கடையிலிருந்த டிரைவரை இழுத்து வந்து லாரியை நகர்த்த வைத்தார்கள். எர்ணாகுளம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, பற்றிக்கொள்ளக் கையில்லாத மாயம்மாள் பொன்மணியின் தோளைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் வந்தது. கடைசி நாளில் கூடத்தில் நடக்கும் ஆண்டிறுதி நன்றிக் கூட்டத்துக்கு வெளியூர்ப் பெரியவர்கள் வருவதாக ஏற்பாடு. அங்கே வாசித்தால் போதும் என்று அனில் ஒரு தாளைப் பொன்மணியிடம் நீட்டினார்.

"இது வாயிச்சா மதி, சேச்சி. தீ பிடிச்சிட்டும் ஆரும் மரிச்சில்லல்லோ, ஒரு உயிரும் போகலையே. அதுக்குக் கர்த்தாவுக்கு நன்றி சொல்லணும்."

'நான் வெறும் களிமண். என்னை வனைந்த நிர்வாகத்துக்கும் எங்களைக் காத்த கர்த்தருக்கும் நன்றி' என்று அதில் எழுதியிருந்தது. குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைசி நாள் காலை பொன்மணி வழக்கம்போல் சக்கரத்தில் மண்ணை வைத்தார். பேரன் பிறந்ததற்கு நன்றி சொன்னார். வெள்ளத்தில் வீடு தப்பியதற்குச் சொன்னார். தீ பிடித்த ஆகஸ்டுக்கு வந்ததும் வாய் எழவில்லை. விரல் அழுந்தி, குடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த சக்கரத்திலிருந்த எங்கள் ஸ்வர்ணலதாவின் காதில் அவர் முணுமுணுத்தது விழுந்தது.

"எரிச்சலா வருது ஆண்டவரே. குழாய் மாத்துற வேலையை உம்மகிட்டயா குடுத்தாங்க? உமக்கு எதுக்கு இந்தப் பழி?"

அன்றைய கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்தார்கள். பொன்மணி எழுந்தார். தாளை மடித்து நாற்காலியில் வைத்தார்.

"ஒச்சப்பன் அண்ணனுக்கு நன்றி. மூட்டையைப் போட்டுட்டு ஓடிவந்த தம்பிமாருக்கு நன்றி. அவங்களை அனுப்பிவச்ச கர்த்தருக்கு நன்றி. ஆனா தீ வந்தது அவரால இல்லை. ஏப்ரல்ல சொன்னேன், ஜூன்ல சொன்னேன். நீங்க செய்யாத வேலைக்குக் கர்த்தரை ஜாமீன் நிக்க வைக்காதீங்க. என்னைக் களிமண்ணுன்னு எழுதியிருக்கீங்க. மண்ணு பிசைஞ்சவ சொல்றேன், உள்ள கல்லு இருந்தா அது கையை அறுக்கும்."

"சேச்சி இரிக்கணும்" என்று உட்காரச் சொன்னார் அனில். "இருக்கமாட்டேன்" என்று சொல்லி அவர் வாசல் வழியே நடந்து போனார்.

நாங்கள் பதினோரு பேர் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூட எழவில்லை. இந்த மடலில் உள்ள கோபத்தில் பாதி எங்கள்மேல்தான், அம்மையீர்!

ஆனால் ஜனவரி இரண்டாம் தேதி சூளையைப் பற்றவைக்கச் சொன்னபோது, எங்களில் யாரும் தீக்குச்சியைத் தொடவில்லை. மூன்று நாள் சூளை குளிர்ந்து கிடந்தது. நான்காம் நாள் புதுக் குழாய் வந்தது. அதே நாளில் பொன்மணியைச் சக்கரத்திலிருந்து எழுப்பிப் பொட்டலம் கட்டும் அறைக்கு அனுப்பினார்கள். கொச்சியிலேயே மெல்லிய வாய் வைத்துக் குடம் வனைந்த விரல்கள், ஓய்வுபெறும் நாள்வரை பழைய நாளிதழில் கோப்பை சுற்றின. அடுத்த டிசம்பரில் அந்த அறையிலேயே நின்று அவர் உரக்க நன்றி சொன்னார்: சூளை பற்றவைக்க மறுத்த எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி. மாயம்மாள் வேலைக்குத் திரும்பியிருந்தார். விரல் முழுதாக மடங்காத கையால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தோம். இதற்கெல்லாம் இன்றுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. மாலை மட்டும் வாங்கி வந்திருக்கிறார்கள்.

விசுவாசத்தின் வீரமே! களமசேரியில் மகள் வீட்டுக்குப் போகும் தாங்கள், முழங்கால் வலியின்றி, கண்ணொளி குன்றாமல், பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழக் கர்த்தரை வேண்டுகிறோம். அங்கே ஒரு சக்கரம் வாங்கிப் போடுங்கள். அங்குள்ள சபையார் "சாட்சி சொல்லுங்கம்மா" என்று அழைத்தால், தயங்காமல் எழுந்து நில்லுங்கள். அவர்கள் பயப்படட்டும்.

என்றும் தங்கள் பக்கம் நிற்கும்,
மாயம்மாள், ஸ்வர்ணலதா, மாரிச்செல்வம் மற்றும் கூடத் தொழிலாளர்கள்,
மட்டாஞ்சேரி.