உப்பு குறைத்த கேன்டீன்

அக்கா: கையை எடு. என் அடுப்படியில வந்து உப்பு டப்பாவைத் தொடாதே.

தம்பி: கெஞ்சிக் கேக்குறேன்க்கா. நாளைக்கு ஒரு வேளை மட்டும்... பழைய மாதிரி உப்பு போட்டுடு.

அக்கா: சுகாதார அதிகாரி பேசுற பேச்சா இது? கேன்டீன் வாசல்ல ‘இங்கே உப்பு குறைவு’ன்னு போர்டு மாட்டினது யாரு?

தம்பி: நான்தான்...

அக்கா: பக்கத்துல பல்லைக் காட்டுற இதயம் வேற.

தம்பி: படம் வரைஞ்சது உன் மருமக. அதை விடு. நாளைக்கு எங்க சுகாதாரத் துறை டைரக்டர் இங்கதான் சாப்பிடுறார். ‘காசே செலவில்லாத திட்டம் சார், எல்லா ஆபீஸ் கேன்டீனுக்கும் கொண்டு போகலாம்’னு வாயைக் கொடுத்துட்டேன். இங்க என்னடான்னா, போர்டு மாட்டினதுலேர்ந்து ஒவ்வொருத்தனும் மூஞ்சியைச் சுளிக்கிறான். அவர் காதுல விழுந்தா அம்பேல்.

அக்கா: திட்டமா, நீயா?

தம்பி: ரெண்டும்தான்.

அக்கா: அதுக்காக உப்பை அள்ளிப் போட்டுட்டு, குறைச்சிருக்கோம்னு புளுகணும்...

தம்பி: மெதுவாப் பேசேன், ஆளுங்க இருக்காங்க.

அக்கா: நிஜத்தைச் சொல்லு. உனக்கு என் சாப்பாடு எப்படி இருக்கு?

தம்பி: நல்லா... ஆரோக்கியமா...

அக்கா: சட்டைப் பையில என்ன பொட்டலம்?

தம்பி: இதுவா... சும்மா...

அக்கா: உப்பு.

தம்பி: வேற என்ன பண்ணச் சொல்றே? சப்புன்னு இருக்கு. நாக்கு செத்துப்போச்சு.

அக்கா: போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?

தம்பி: அது அமிர்தம்க்கா. மழைக்காலம் பூரா தட்டை வழிச்சுத் தின்னேனே. அந்தக் கைப்பக்குவம் எங்க போச்சு?

அக்கா: ஐயோ... சிரிக்க வைக்காதடா, கரண்டி நழுவுது.

தம்பி: என் பொழைப்பு நாறப் போகுது, உனக்குச் சிரிப்பா? நாளைக்கு உப்பு கூட்டுவியா, மாட்டியா?

அக்கா: மாட்டேன். நீ போய் ஏணியை எடுத்துட்டு வா.

தம்பி: எதுக்கு?

அக்கா: போர்டைக் கழட்டத்தான். நீ திட்டம் திட்டம்னு வீட்டுல புலம்பினப்பவே, மழைக்காலம் பூரா நான் சிட்டிகை சிட்டிகையா உப்பைக் குறைச்சுட்டு வந்தேன். உன்னையும் சேர்த்து ஒரு பய கண்டுபிடிக்கலை. நீ போர்டை மாட்டின அன்னிக்கே ஆளாளுக்கு உப்பில்லைன்னு கத்தினாங்க. எனக்கு ரோஷம் வந்து, மறுநாளே பழைய அளவுக்குப் போயிட்டேன். இன்னிக்கு மத்தியானம் நீ சப்புன்னு தின்னியே... அது முழு உப்பு.